வெளிய கேக்காத கிட்டார்

"எவ்வளவு சத்தம் வச்சாலும் வெளிய கேக்கக்கூடாது. அப்படி ஒரு கிட்டார் இருக்கா?"

ஹட்டன் டவுனில் இருந்த அந்த இசைக்கருவிக் கடையில் ஷாமிலா நாலு வருஷமாக வேலை பார்க்கிறாள். இப்படி யாரும் கேட்டு வந்ததில்லை.

"யாருக்கு அண்ணே?"

கேட்டவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஷாமிலாவுக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குத்தாம்மா" என்றாள் பக்கத்தில் நின்ற அவர் மனைவி. பெயர் பூரணி. தோட்டத்துப் புள்ளக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை.

"ஒடம்பு ஒல்லியா, வயர் சொருகுற மாதிரி வருதாமே" என்றார் அவள் புருஷன் விஜேந்திரன். "அதைக் காட்டுங்க."

"இருக்கு அண்ணே. ஆனா வயர் இல்லாம வாசிச்சா அதுல சத்தம் கம்மி. பெரிய ஒடம்புலதான் நல்லா வரும்."

சொல்லிக்கொண்டே சுவரில் தொங்கிய பெரிய கிட்டாரை எடுத்துப் பூரணியிடம் கொடுத்தாள். பூரணி கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"வெரலெல்லாம் மறந்திருக்கும்மா."

முதலில் ரெண்டு இடத்தில் தடுமாறியது. அப்புறம் விரல்களுக்குத் தானாகவே வழி தெரிந்துவிட்டது. மழைக்குக் கடை வாசலில் ஒதுங்கி நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

வாசித்து முடித்தும் பூரணி கிட்டாரைக் கீழே வைக்கவில்லை.

"இருபத்தோரு வருஷமாச்சு. நோர்வூட்ல படிக்கிறப்ப ஸ்கூல் கிட்டார்லதான் பழகினேன். விழாவுல நான் வாசிச்சதைக் கேட்டுட்டுத்தான் இவரு என்னையப் பொண்ணு கேட்டு வந்தாரு. ஒண்ணு வாங்கித் தாறேன்னும் அப்பவே சொன்னாரு." சிரித்தாள். "அப்புறம் மக பொறந்துச்சு. படிப்பு, அது இதுன்னு போயிருச்சு."

"இப்பவாவது கூட்டிட்டு வந்தாரே அக்கா."

"மக கண்டிக்குப் படிக்கப் போனதுல இருந்து வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். இவரு தேயிலை பெக்டரியில, நாள் பூரா ரோலர் மெஷின் சத்தத்துல நிக்கிறாரு. வீட்டுக்கு வந்தா பேச்சே இல்ல. நான் என்ன சொன்னாலும் ஒரு 'ம்'மோட சரி. போன கெழமை திடீர்னு, வா கிட்டார் பாத்துட்டு வருவோம்னாரு."

அவர் பூரணியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பூரணி அவர் கையைத் தொட்டாள்.

"ஏங்க, எப்படி இருக்கு?"

"இது வேணாம். ஒல்லியா உள்ளதை எடுக்கச் சொல்லு."

ஷாமிலா மூன்று ஒல்லிக் கிட்டார்களை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தாள். விஜேந்திரன் ஒன்றையும் தட்டிக் கேட்கவில்லை. வயர் சொருகும் ஓட்டையைத்தான் பார்த்தார். ஒன்றில் வயர் ஆடுகிறது என்று தள்ளி வைத்தார். இன்னொன்றில் பேட்டரி போடும் மூடி சரியில்லை என்றார். மூன்றாவதைப் பூரணியின் மடியில் வைத்தார்.

பெரிய கிட்டாரைப் பிடித்திருந்தபோது பூரணியின் தோள் தூக்கிக்கொண்டிருந்தது. இதில் கை இறங்கி வாகாக உட்கார்ந்தது. ஆனால் வாசித்தபோது சின்னதாகத்தான் வந்தது.

அவள் கண் மறுபடி சுவருக்குப் போனது.

"அதுல நல்லா இருந்துச்சுங்களே."

"பெருசு எதுக்கு? லயத்துல வரிசையா ஒட்டின வீடு, பக்கத்து வீடெல்லாம் கேக்கும்."

"கேட்டாத்தான் என்னங்க?"

"வேணாம் புள்ள."

பூரணி தலையைக் குனிந்து ஒல்லிக் கிட்டாரின் கம்பிகளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஷாமிலாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஹெட்போன்கள் அடுக்கியிருந்த தட்டுப் பக்கம் அவர் திரும்பியபோது பின்னாலிருந்து சொல்லியேவிட்டாள்.

"அக்கா வாசிக்கிறதை நாலு பேரு கேட்டா என்ன அண்ணே கொறைஞ்சு போயிரும்? இப்படி வாயைக் கட்டி வைக்கிறதுக்கு வாங்கிக் குடுக்காமலே இருக்கலாம்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டாள் ஷாமிலா.

இருந்ததிலேயே பெரிய ஹெட்போனாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்தார் விஜேந்திரன்.

"இதைச் சொருகிக் காட்டுங்க."

ஷாமிலா வேண்டாவெறுப்பாகக் கிட்டாரில் வயரைச் சொருகினாள். சத்தம் கூட்டிக் குறைக்கிற சின்னப் பெட்டியை நடுவில் மாட்டி, ஹெட்போனைப் பூரணியிடம் நீட்டினாள்.

விஜேந்திரன் அதை இடையில் வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார்.

"நீ வாசி" என்றார் பூரணியிடம்.

ரெண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூரணி வாசித்தாள். கடைக்குள் கம்பி சுரண்டுகிற மாதிரி லேசாகத்தான் கேட்டது.

அவர் ஷாமிலாவைப் பார்த்து விரலை உயர்த்தினார். "கூட்டுங்க."

பாதி அளவுக்குத் திருப்பினாள்.

"இன்னும்."

"இதுக்கு மேல காதுக்கு ஆகாது அண்ணே."

"இன்னும். முழுசா."

ஷாமிலா கடைசி வரைக்கும் திருப்பினாள். ஹெட்போனை மீறி வழிந்த சத்தம் தள்ளி நின்ற அவளுக்கே தெளிவாகக் கேட்டது. விஜேந்திரன் ரெண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். கண்ணை மூடினார். திறந்தபோது கண் நிறைந்திருந்தது.

பூரணியின் விரல்கள் நின்றுவிட்டன. "ஏங்க, என்ன ஆச்சு?"

"நிறுத்தாத புள்ள" என்றார் விஜேந்திரன். "அந்தப் பெருசுல ஒன் வெரலு ஆடுறதுதான் தெரிஞ்சிச்சு. இதுலதான் கேக்குது."