ஸ்காட்ச் புட்டியில் ஒரு குடித்தனக்காரன்

கண்ணாடி அலமாரியில் ஒரு ஸ்காட்ச் புட்டி இருந்தது. பதினெட்டு வயதுச் சரக்கு என்று அதன் நெற்றியில் தங்க எழுத்து. அந்தச் சரக்கு தீர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டுக்காரர் அருளானந்தம் விருந்தாளிகளுக்காக அதில் மலிவான உள்ளூர் விஸ்கியை ஊற்றி வைத்திருந்தார்.

“நீ வெறும் குடித்தனக்காரன், அலம்பல் பண்ணாதே” என்று புட்டி அதை அதட்டும்.

“வயசு உனக்கு, போதை எனக்கு. போ அக்கா!” என்று விஸ்கி சிரிக்கும்.

ஒரு மாலை அருளானந்தத்தின் கல்லூரித் தோழர் வந்தார். கப்பல் கேப்டன். முகர்ந்து பார்த்தே விஸ்கியின் ஊரையும் வயதையும் சொல்லிவிடுவார். ஊற்றும்போது அருளானந்தம் மேஜையில் கொஞ்சம் சிந்திவிட்டார்.

“அக்கா, பாவம், இவர் மானம் போகப்போகுது” என்றது விஸ்கி. அதன் குரலில் அன்று மட்டும் சிரிப்பு இல்லை.

கேப்டன் முகர்ந்தார். புட்டியை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பயத்தில் புட்டிக்கு உயிரே இல்லை. பிறகு நண்பரின் முகத்தைப் பார்த்தார். நிதானமாகக் குடித்து முடித்துக் கிளாஸை நீட்டினார்.

“இப்படிக் குடிச்சு எத்தனை நாளாச்சு! இன்னும் கொஞ்சம் ஊத்துடா அருளு.”

இந்தத் தடவை ஒரு சொட்டும் சிந்தவில்லை.

கேப்டன் போன பிறகு, அடியில் மிஞ்சியிருந்த விஸ்கி மெதுவாகக் கேட்டது: “அவருக்குத் தெரிஞ்சுபோச்சு இல்ல?”

“முகர்ந்தபோதே தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப என்னைக் கொட்டிடுவாங்களா அக்கா?”

புட்டி அதைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டது.

“யார் கொட்டுவா? இது உன் வீடு. தூங்குடா கண்ணு.”