அம்மா நீங்கதானே?

"அம்மா நீங்கதானே?"

எல்.கே.ஜி. மிஸ் கேட்டது மஞ்சுவைப் பார்த்து. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. செவ்வந்தி மஞ்சுவின் மடியில்தான் உட்கார்ந்து, அவள் தாலிச்சரடைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ மிஸ், நான் சித்தி. அம்மா இவங்க."

பக்கத்து நாற்காலியில் பெற்றவள் சுதா. மஞ்சுவுக்கு மூத்த ஓரகத்தி. முகம் கறுத்துப் போயிருந்தது.

"அப்படியா? ஸ்கூல் திறக்க இன்னும் பத்து நாள் இருக்கும்மா. அதுக்குள்ள சித்திய விட்டுட்டு இருக்கப் பழக்குங்க. டிபன் பாக்ஸைத் தானே திறக்கணும், ஒண்ணுக்கு வந்தா சொல்லணும்..."

மிஸ் அடுக்கிக்கொண்டே போனார். 'சித்திய விட்டுட்டு' என்பதற்கு அப்புறம் சுதாவின் காதில் ஒன்றும் ஏறவில்லை.

கோட்டைக்குப்பம் திரும்பும் ஷேர் ஆட்டோவிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"உனக்குத்தான் ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க கீதே. என்னோட ஒண்ணே ஒண்ணையும் நீயே எடுத்துக்கணுமா?"

"இன்னாக்கா இப்பிடிப் பேசற? விடியறதுக்குள்ள நீ மீன் எடுக்கப் போயிடற, அப்புறம் பொன்னேரி மார்க்கெட்டு. கொழந்தைய யாராவது..."

"பொழப்புக்குப் போனா பெத்தவ இல்லன்னு ஆயிடுமா? எட்டு வருசம் கழிச்சுப் பொறந்ததுடி அது! இனிமே என் பொண்ண நான் பாத்துக்கறேன். உன் வாசப்படிய மிதிக்க மாட்டா, போ!"

மஞ்சு குழந்தையைத் தூக்கிச் சுதாவின் மடியில் வைத்தாள். சுதாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

மறுநாள் சுதா மார்க்கெட்டுக்குப் போகவில்லை. பத்து நாளைக்குக் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

மத்தியானம் மடவை மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்து ஆசையாக ஊட்டினாள். குழந்தை தூவென்று துப்பியது.

"முள்ளு! சித்தி மொதல்ல அது வாயில போட்டுப் பாக்கும். அப்புறம்தான் எனுக்குக் குடுக்கும்."

தினம் கூடை கூடையாக மீன் விற்கிறவளுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

அதற்குள் குழந்தை எழுந்து அடுத்த வீட்டிலிருந்த மஞ்சுவிடம் ஓடிவிட்டது. பின்னாலேயே சுதாவும் ஓடினாள்.

"சித்தி! கதவத் தொற சித்தி!"

கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து மஞ்சுவின் குரல் மட்டும் கேட்டது.

"இங்க வராத. உங்கம்மாகிட்ட போ."

குழந்தை மணலில் விழுந்து புரண்டு அழுதது. சுதாவுக்கு ஒரு பக்கம் வயிறு குளிர்ந்தது, இன்னொரு பக்கம் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலமே குழாயடியில் கச்சேரி வைத்துவிட்டாள்.

"என் மேல கோவம்னா என்கிட்ட காட்டட்டும். பச்ச மண்ணு, அது இன்னா பண்ணுச்சு? கல்லு மனசுக்காரி!"

"அவளா அப்பிடி? இவ்ளோ ரோஷம் ஆவாதும்மா" என்று தெருவும் ஒத்து ஊதியது.

இரண்டாம் நாளும் கதவு சாத்தியிருந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. மஞ்சு வெளியே வந்தால்கூட முகம் கொடுக்காமல் விறுவிறுவென்று போய்விட்டாள். 'திமிரு! எத்தனை நாளைக்குன்னு பாக்கறேன்' என்று கறுவினாள் சுதா.

நாலாம் நாள் குழந்தை கதவை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத் தானாகவே திரும்பி வந்தது. சுதாவும் முதல் வாயைத் தானே மென்று பார்த்து முள் எடுக்கப் பழகிக்கொண்டாள். எட்டாம் நாள் தூக்கத்தில் குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. சுதா அசையாமல் படுத்திருந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. வாசலில் நின்ற தாய்மாரெல்லாம் தங்கள் பிள்ளை அழக்கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டார்கள். சுதாவின் வேண்டுதல் வேறு. அழணும். என்னைக் கூப்பிட்டு அழணும்.

மிஸ் கையைப் பிடித்ததுதான் தாமதம்.

"அம்மா! போவாதம்மா! அம்மா!"

செவ்வந்தி சுதாவின் புடவையை விடவே இல்லை. மூன்று பேர் சேர்ந்து பிரித்தார்கள். சுதாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாயெல்லாம் சிரிப்பு. பார்த்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மஞ்சுவின் வாசலுக்குப் போனாள். மஞ்சுவின் புருஷன் முரளி வெளியே உட்கார்ந்து வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டிருந்தான். கதவு வழக்கம்போலச் சாத்தியிருந்தது.

"இன்னா அண்ணி, கொழந்தை அழுதுச்சா?"

"அழாம இருக்குமா? பழவேற்காட்டுக்கே கேட்டிருக்கும்!"

"யாரக் கூப்ட்டு அழுதுச்சு?"

சுதாவுக்குச் சுருக்கென்றது. கதவைப் பார்த்தே குரலை உயர்த்தினாள்.

"பெத்தவளத்தான்! ஒரு தடவகூட சித்தின்னு சொல்லல. உள்ள கீறாளே கல்லு மனசுக்காரி, அவகிட்ட போய்ச் சொல்லு!"

முரளி வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைத் தட்டினான்.

"மஞ்சு! அண்ணியத்தான் கூப்ட்டு அழுதுச்சாம். 'நான் கதவத் தொறந்தா அது அக்காகிட்ட ஒட்டாது'ன்னு பத்து நாளா வாயப் பொத்திக்கினு அழுதியே, நீ நெனச்சது நடந்துடுச்சி. எழுந்து வந்து இப்பவாவது ஒரு வாய் சோறு துன்னு!"