உள்பக்கத் தாழ்ப்பாள்

"என் ரூமுக்கு ஒரு தாழ்ப்பாள் வேணும். உள்பக்கம்."

பேருந்தில் வரும்போதே அம்மா மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், வெளியாள் முன்னால் அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதே என்று.

ஆலோசகர், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டதுதான் தாமதம், மகள் எடுத்துவிட்டாள்.

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அண்ணன் சார்ஜர் செருக இடம் தேடினான். சித்தப்பா, நாற்காலி பற்றாமல், குழந்தைகளுக்குப் போட்டிருந்த முக்காலியில் குந்தியிருந்தார்.

வீட்டில் ஒருத்தர் குறைந்தாலும் பார்க்க மாட்டேன் என்று ஆலோசகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சீக்கு இவளுக்கு, வைத்தியம் எல்லாருக்குமா?" என்று சித்தி வழியெல்லாம் முணுமுணுத்தபடிதான் வந்தாள்.

சீக்கு வந்த கதை இதுதான்.

அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பட்டத்தைச் சட்டம் போட்டு அவள் அறையில், கட்டிலுக்கு மேலே அப்பா மாட்டினார். அன்றைக்குப் பிடித்தது சனி. வந்தவர் போனவரெல்லாம் பட்டம் பார்க்க உள்ளே நுழைந்தார்கள். அவள் தூங்கினாலும் நுழைந்தார்கள். காய்ச்சலில் கிடந்தாலும் நுழைந்தார்கள்.

போன மாதம் அப்பா தன் முதலாளியை அழைத்துக்கொண்டு நுழைந்தபோது அவள் குளித்துவிட்டு வந்து துண்டோடு நின்றிருந்தாள்.

கையில் அகப்பட்டது சீப்பு. வீசினாள். பல வருஷம் கழித்து முதலாளியின் வழுக்கைத் தலை சீப்பைப் பார்த்தது அன்றுதான்.

படித்துப் படித்து மூளை கலங்கிவிட்டது என்று வீடு தீர்ப்புச் சொன்னது. இரண்டு டாக்டர்கள் மாத்திரை எழுதினார்கள். மாத்திரை போட்டால் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். பட்டம் பார்க்க வந்தவர்களுக்கு அது இன்னும் வசதியாகிவிட்டது.

மூன்றாவதாக வந்து சேர்ந்தது இந்த ஆலோசகரிடம். போன வாரம் அவளைத் தனியாகப் பார்த்தார். சின்ன வயதில் என்ன நடந்தது, கனவில் என்ன வருகிறது என்றெல்லாம் கேட்கவில்லை. வீட்டில் எத்தனை கதவு, எதெதற்குப் பூட்டு என்று கேட்டார். அவள் அறைக் கதவு மரமா தகரமா, எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடக் கேட்டார். இவர் மனநல ஆலோசகரா, வீட்டுத் தரகரா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

இன்று எல்லோரிடமும் அதே விசாரணை.

"வாசக் கதவுக்கு?"

"ரெண்டு பூட்டு, ஒரு தாழ்ப்பாள்." அப்பாவுக்கு அதில் பெருமை.

"பீரோவுக்கு?"

"சாவி என் இடுப்பை விட்டு இறங்காது," என்றாள் அம்மா.

"உங்க ரூமுக்கு?"

"நாங்க புருஷன் பொண்டாட்டி இருக்கிற ரூமு மேடம்..." சித்தி இழுத்தாள். முக்காலி கிரீச்சிட்டது.

"சைக்கிளுக்கு?"

"பின்ன? பூட்டலைன்னா தூக்கிட்டுப் போயிருவாங்களே," என்றான் அண்ணன்.

"உங்க தங்கச்சியைத் தூக்கிட்டுப் போக மாட்டாங்களா?"

"இவளையா? மறுநாளே கொண்டுவந்து விட்டுட்டுப் போயிருவாங்க மேடம்."

ஆலோசகர் சிரிக்கவில்லை. மேசைமேல் கிடந்த தன் செல்போனைப் பார்த்தார். வந்ததிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ பாட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா, உள்ள என்ன பண்றான்னு எங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

"தெரியாது. அதுக்குத்தான் தாழ்ப்பாள்."

"நல்லா இருக்கே கதை!" அம்மா பொங்கிவிட்டாள். "நாங்கல்லாம் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா வளர்ந்தோம்? கல்யாணம் ஆகிற வரைக்கும் கதவுல முதுகை முட்டுக்கொடுத்துக்கிட்டுத்தான் துணி மாத்தினேன். எனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

அப்பா எழுந்தார். "வீட்டுல நாலு பேர் கலந்து பேசித்தான் மேடம் முடிவு பண்ணணும். நாங்க கிளம்பறோம்."

"உட்காருங்க. இன்னும் ஒரு கேள்வி." ஆலோசகர் மறுபடியும் போனைப் பார்த்தார். "தோட்டத்துக் கேட்டுக்குப் பூட்டு உண்டா?"

"எங்களுக்குத் தோட்டமே இல்லையே!"

"இருந்தா போட்டிருப்பீங்களா?"

இந்த அம்மாவுக்கே வைத்தியம் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று சித்தி சித்தப்பாவின் காதில் ஓதினாள்.

போன் மினுங்கியது.

"இன்னைக்கு இது போதும்," என்று ஆலோசகர் பட்டென்று எழுந்தார். பையை எடுக்கக் குனிந்தவளிடம் மட்டும் போனைத் திருப்பிக் காட்டினார்.

ஒரு படம். அவள் அறைக் கதவு. உள்பக்கம். விலைச் சீட்டுகூடக் கிழிக்காத புதுத் தாழ்ப்பாள்.

கீழே, ஆலோசகர் அனுப்பிவைத்த தச்சர் எழுதியிருந்தார்: "எட்டு ஸ்க்ரூ போட்டிருக்கேன் மேடம். யானை வந்து முட்டினாலும் அசையாது. பட்டத்தைக் கழற்றிக் கூடத்தில் மாட்டியாச்சு."

எந்த நேரத்திலும் யாராவது ஒருத்தர் இருக்கிற வீடு அது. தச்சரை வாசலோடு விரட்ட ஒருத்தர் போதும். இன்றைக்குத்தான் அங்கே ஒருத்தரும் இல்லை. காலையில் கடைசியாகக் கிளம்பியவள் அவள். ஆலோசகர் போன வாரம் சொல்லிவைத்தபடி, வாசல் சாவி இரண்டையும் தச்சருக்காக மின்சார மீட்டர் பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"கலந்து பேசுவோம். அவசரப்பட்டு எதையும் செய்யக் கூடாது," என்று அப்பா ஆலோசகருக்கு இன்னமும் விளக்கிக்கொண்டிருந்தார்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். அம்மா கூப்பிட்டாள், திரும்பவில்லை. அடுத்த பேருந்தைப் பிடித்தாக வேண்டும்.

வீட்டுக்குள் முதலில் நுழைவது அவளாக இருக்க வேண்டும்.