டீப்பாய்க்குள் ஒரு ரயில்

சித்தூருக்குப் பெண் பார்க்க வந்த திருப்பதிக்காரர்கள் பெண்ணை விட்டுவிட்டு டீப்பாயைப் பார்த்தார்கள். அதன் கண்ணாடிக்குக் கீழே, பாகாலா ஸ்டேஷனின் குட்டி மாதிரியைச் சுற்றி விரல் நீள ரயில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

“யாரு சார் பண்ணது?” ரயில்வேயில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை குனிந்து பார்த்தான்.

“நான்தான் தம்பி,” என்றார் பெண்ணின் அப்பா தேவானந்தம்.

“லைன் எப்படி சார் தானா மாறுது?”

“காப்பி ஆறிப்போவுது, குடிங்க தம்பி.”

காப்பித் தட்டோடு நின்ற சுகிர்தாவிடம் அவன் கேட்டான். “உங்களுக்கும் இதுல ஆசை உண்டா?”

அவள் அப்பாவைப் பார்த்தாள். இல்லையென்று தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் தேவானந்தத்தைத் தனியே அழைத்தார். “இதுவும் தட்டிப்போச்சு. அப்பாவுக்கு இருக்கிற மூளையில பாதி பொண்ணுக்கு இருந்தா கண்ணை மூடிக்கினு கட்டிக்குவேன்னு பையன் சொல்றானாம்.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது சுகிர்தா அழவில்லை. டீப்பாய்க் கண்ணாடியைத் தூக்கி வைத்துவிட்டு, இரண்டு வருஷமாகத் தன் கையால் பற்றவைத்த தண்டவாளங்களைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

“பொம்பளப் புள்ள கம்பி, ஒயருன்னு உக்காந்துக்கினு இருக்கறது தெரிஞ்சா எவனும் கட்டமாட்டான்னுதான் நான் பண்ணதா சொன்னேன். வேணாம்மா, வுட்டுடு.”

“அடுத்து வர்றவங்க எப்படி ஓடுதுன்னு கேட்டா இன்னா சொல்லுவ நைனா? காப்பி ஆறிப்போவுதுன்னா?”