அன்றைய தீர்ப்பு

பக்கத்து வீட்டுக்குள் சாய்ந்த மாமரம் பற்றிய வழக்கு. வக்கீல் ஜெபக்கனி ஒரு பழைய தீர்ப்பை வாசித்தாள். அதை எழுதியவராக அதில் இருந்த பெயர், மேடையில் அமர்ந்திருந்த நீதிபதி காந்திமதியுடையது. எதிர்த்தரப்பு சீனியர் வக்கீல் வரதராஜன் குழைந்தபடி எழுந்தார்.

"அருமையான தீர்ப்பு, மை லேடி. அன்னிக்கு நான் கோர்ட்லயே நின்னு கேட்டேன். ஆனா இந்தக் கேஸுக்குப் பொருந்தாது."

"அப்படி ஒரு தீர்ப்பு நான் சொன்னதே இல்லையே" என்றார் நீதிபதி.

ஜெபக்கனி கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். "மன்னிக்கணும், மை லேடி. ஏஐ கொடுத்தது. சரிபார்க்காம கொண்டுவந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

"அதை அப்புறம் பேசுவோம். உட்காருங்க."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி வரதராஜன் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க சார். அன்னிக்கு நான் வேற என்னெல்லாம் சொன்னேன்?"