கப்பல் செலவுக்குப் பதினைந்து ரூபாய்

"நல்லா அழுத்தி உக்காரும்மா" என்றார் அத்தா.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த நான் எட்டு மாத வயிற்றோடு தகரப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தேன். அப்போதும் மூடி இறங்கவில்லை.

தெற்கு மாசி வீதியில் கடை போட்டு ஊருக்கெல்லாம் பூட்டு விற்றவர் என் அத்தா அப்துல் வஹீது. சொந்தப் பெட்டியைப் பூட்டத்தான் அவருக்கு வழி தெரியவில்லை.

இருபத்தெட்டாம் வருஷம். அன்று சாயங்காலம் ரயில், பம்பாயிலிருந்து கப்பல், ஹஜ். வைகையில் வெள்ளம் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி, அத்தா அதுவரை கடலைக் கண்டதில்லை.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று சேக் இஸ்மாயில் ஹாஜியார் சொல்லியிருந்தார். ஒரே ஒரு தடவை போய் வந்தவர். கப்பலை ஓட்டிப் போனதே தான்தான் என்பது போலப் பேசுவார்.

கப்பலில் சோறு போட மாட்டார்கள், அரிசி பருப்பு நம்முடையது. வாந்திக்கு உப்பு நார்த்தங்காய். பெட்டி உருளாமல் கட்டிவைக்கக் கயிறு. அப்புறம் கஃபன் துணி. வழியில் உயிர் போய் மௌத்தானால் அதைப் போர்த்திக் கடலில் இறக்கிவிடுவார்கள். ஆணுக்கு மூன்று துண்டு, பெண்ணுக்கு ஐந்து. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் மக்காவின் ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவரலாம்.

நார்த்தங்காய் வாசமும் தகர வாசமும் கலந்த அந்த மத்தியானம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

அம்மா சுருக்குப் பையில் பதினைந்து ரூபாய் போட்டுக் கொடுத்தாள். கப்பலில் கடை உண்டாம், பாலும் ரொட்டியும் வாங்கிச் சாப்பிட வேண்டுமாம்.

"கப்பல்ல ஒரு தம்பிடி செலவழிக்க மாட்டேன். அம்புட்டும் மக்காவுல ஏழைபாழைகளுக்கு" என்றார் அத்தா.

இருவருக்கும் என்று பதினோரு வருஷம் சேர்த்த பணம், கடைசியில் ஒருவருக்குத்தான் தேறியது. அம்மா அதற்காக முகம் சுளிக்கவில்லை. அவளுக்கு உறுத்தியது வேறு.

காலையிலிருந்து தெருவே எங்கள் வீட்டில்தான். எங்கள் கஃபனையும் நனைத்து வாருங்கள் என்று ஆளாளுக்கு மூட்டை கொண்டுவந்தார்கள். அத்தா ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"அமானிதம் வேணாம். அடுத்தவுக பொருளைக் கையில வாங்கிட்டா, திருப்பிக் குடுக்காம கண்ணை மூட முடியாது. நான் அந்த மண்ணுலயே மௌத்தாகணும்னு துவா கேட்டுக்கிட்டுப் போறேன்."

கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர் போலச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஏற்கனவே நெஞ்சில் இளைப்பு. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

அவர் அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டு வந்தாள்.

"ஜெயினம்பு, கஃபன் வச்சியா?"

"அடியில வச்சிட்டேன்" என்றாள் அம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அம்மாவும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டி பூட்டிக்கொண்டது.

மற்றதெல்லாம் அத்தா பிற்பாடு சொன்னது.

கப்பலில் ஆறாம் நாள் காய்ச்சல். பால் வாங்கித் தரட்டுமா என்று கேட்ட பக்கத்துப் படுக்கைக் கொட்டாம்பட்டிக்காரரிடம், காசு மக்காவுக்கு என்று சொல்லிவிட்டுச் சுருண்டு படுத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் மூச்சு இழுத்தது. ஹஜ்ஜுக்குப் போகிற வழியில் போனாலும் பாக்கியம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பெட்டியைத் திறந்து கஃபனை எடுத்து வைக்கச் சொன்னார்.

கொட்டாம்பட்டிக்காரர் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு முழித்தார்.

"அண்ணே, அஞ்சு துண்டு இருக்கு. தலைத்துணி, மார்த்துணியெல்லாம் இருக்கு. இது பொம்பளை கஃபன்ல?"

பெட்டியை அடிவரை கிளறினார்கள். அத்தாவின் மூன்று துண்டு அதில் இல்லை.

அத்தா அம்மாவின் துணியை மடித்துத் திரும்பப் பெட்டியிலேயே வைக்கச் சொன்னாராம். பிறகு சுருக்குப் பையை நீட்டி, கடையில் பால் என்ன விலை என்று கேட்டாராம்.

நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். பாதி உடம்புதான் இருந்தது, ஆனால் வந்துவிட்டார். வாசலிலேயே நின்று, ஐந்து துண்டையும் இரண்டு கையிலும் ஏந்தி அம்மாவிடம் நீட்டினார்.

"இந்தா, ஒன் அமானிதம்."

அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் அவர் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை உருவி உதறினாள். ஒரு தம்பிடி விழவில்லை. காலணா வீணானாலும் நாலு நாள் புலம்புகிறவள், காலிப் பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள்.

"அது கெடக்கட்டும். என்னுது எங்க?" என்று கேட்டார் அத்தா.

அம்மா உத்தரத்தைக் காட்டினாள். அவருடைய வெள்ளைத் துணியில் தூளி கட்டியிருந்தது. அதில் என் மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.