நான்காவது சுவிட்ச்

நான்காவது சுவிட்சைப் போட்டேன். வீட்டில் எதுவும் எரியவில்லை. அணைத்துவிட்டு இன்னொரு முறை போட்டேன். ஊஹூம். மறுபடி அணைத்துவிட்டேன்.

மற்ற மூன்றும் ஒழுங்கு. ஃபேன், டியூப் லைட், திருஇருதய ஆண்டவர் படத்துக்கு மேலே ஒரு சின்ன பல்பு.

“அது செத்த சுவிட்சு தம்பி. எங்க சார் இருந்தப்ப எதுக்கோ போட்டாக. அத எழுத வேணாம்” என்றார் வியாகுலமேரி டீச்சர். இறந்துபோன கணவரை அவர் சார் என்றுதான் சொல்வார்.

எந்த சுவிட்ச் எதற்கு என்று லிஸ்ட் எடுக்கும்போது ஒன்றை எழுதாமல் விட முடியாது. மாடியில் நாங்கள் மாட்டிய சோலாரைப் பார்க்க நாளை பதினோரு மணிக்கு அதிகாரி வருகிறார். ஒருவேளை இந்த வீட்டிலிருந்து வேறொரு வீட்டுக்கு லைன் போவது தெரிந்தால் ஃபைல் திரும்பிவிடும். மானியம் எழுபத்தெட்டாயிரம். அதை நம்பித்தான் டீச்சர் பென்ஷனைக் காட்டி பேங்க்கில் கடன் வாங்கியிருந்தார்.

மானியத்தைக் கோட்டைவிடுகிற ஆளும் அவரில்லை. ராயப்பன்பட்டியில் அவருக்கு ‘அமத்து டீச்சர்’ என்று பெயர். லைட்ட அமத்து, ஃபேன அமத்து என்றே வகுப்பில் பாதி நேரம் போய்விடும். கோயிலில் பூசை முடிந்து சாமியார் படி இறங்குவதற்குள் ஃபேனை அமத்தியிருப்பார். சலுகை விலையில் எல்.இ.டி. பல்பு கொடுத்தபோது வரிசையில் முதல் ஆளாக நின்று பத்து வாங்கியதாகப் பெருமையாகச் சொன்னார். வீடு முழுக்க எண்ணிப் பார்த்தேன், ஒன்பதுதான் வந்தது.

கம்பெனியில் இந்த வீட்டு வேலையை நான்தான் கேட்டு வாங்கினேன். டீச்சருக்குக் கண்ணில் புரை, ஆள் பிடிபடவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. இத்தனை வருசம் ஊர்ப்பக்கமே வராதவன், சொல்ல வெட்கமாக இருந்தது.

சுவிட்ச் என்றாலே எனக்கு எங்கள் பழைய வீடு ஞாபகத்துக்கு வந்துவிடும். அங்கே ஒரே ஒரு பல்பு. அதற்குச் சுவிட்சே கிடையாது.

அது கவர்மென்ட்டு லைட்டு என்பாள் அம்மா. ஏழைகளுக்கு அரசாங்கம் கொடுத்த ஒற்றை விளக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாக எரியும், ராத்திரி பத்து மணிக்குத் தானாக அமந்துவிடும். திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து அவள் வருவதற்கும் அது எரிவதற்கும் சரியாக இருக்கும். ஒன்பதே முக்காலுக்கெல்லாம் நான் பாயை விரித்துவிடுவேன். அரசாங்கத்தோடு யார் மல்லுக்கட்டுவது?

பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்த நாட்களில் மட்டும் அது ஒரு மணி வரைக்கும் எரிந்தது. கவர்மென்ட்டுக்குக்கூட இரக்கம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐ.டி.ஐ. முடித்து, எத்தனையோ வீடுகளுக்கு வயர் இழுத்த பிறகும் அந்த நினைப்பை நான் சோதித்துப் பார்த்ததில்லை. எவ்வளவு பெரிய வீட்டுக்கு விளக்கு மாட்டினாலும் அந்த ஒற்றைப் பல்பின் வெளிச்சத்துக்கு மனசு இன்னும் ஏங்கும்.

கோயில் மணி அடித்தது. ஆறு.

டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். பேங்க் மேனேஜரைப் பற்றிப் பேசிக்கொண்டே எழுந்து போய், நான்காவது சுவிட்சைப் போட்டார். கை அதுபாட்டுக்குப் போனது.

அந்த சுவிட்ச் வயரில் கவ்வவிட்டிருந்த என் மீட்டர் 0.06 ஆம்பியர் காட்டியது. ஒன்பது வாட் பல்பு ஒன்று எங்கேயோ எரிகிறது.

ஜன்னல் வழியே பார்த்தேன். மேற்கு மலை அதற்குள் வெயிலை விழுங்கியிருந்தது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீட்டின் கூரையில் கண்ணாடி ஓடு மட்டும் வெளிச்சமாக இருந்தது.



டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் அங்கேயே நின்றார்.

“மலையம்மா வீடு தம்பி. பட்டா இல்லாத எடம், கரண்டு குடுக்கல. எங்க சார்தான் இங்கனருந்து வயர் இழுத்து விட்டாக. அவ போயிச் சேந்து ஒம்பது வருசமாச்சு. மகன் எங்கனயோ இருக்கான். என்னைக்காச்சும் வந்து எறங்குறப்ப வீடு இருட்டாக் கெடந்தா, அப்படியே திரும்பிப் போயிருவான்ல?”

பிறகு குரலை இறக்கி, “இதுனால மானியம் நின்னுருமா?” என்று கேட்டார்.

“நிக்காது. ரெண்டு முனையிலயும் வயரக் கழத்திட்டாப் போதும்.”

“அங்கன பூட்டிக் கெடக்கே. சாவி அந்தப் பயகிட்டயில்ல இருக்கு.”

“காலையில கழத்திக்கலாம் டீச்சர். இன்னைக்குப் பத்து மணி வரைக்கும் எரியட்டும்.”

டீச்சர் மெல்ல என் பக்கம் திரும்பினார். பத்து மணிக் கணக்கை அவர் என்னிடம் சொல்லியிருக்கவே இல்லை.

நான் பைக் சாவிக் கொத்திலிருந்து பழைய பித்தளைச் சாவியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.